மஞ்சள் லைட் சொன்ன பொய்

எலக்ட்ரிக் ஃப்ரையர் வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மெஷின் முகப்பில் மஞ்சளாக ஒரு லைட் எரியும். எண்ணெய் காய்ந்ததும் அது தானாக அணையும், அணைந்ததும் போடலாம் என்று விற்கிறவர் சொல்வார். எனக்கும் அப்படித்தான் சொன்னார். அந்த மனுஷன் ஜென்மத்தில் ஒரு பஜ்ஜி சுட்டிருப்பாரா என்பது சந்தேகம். அந்த லைட்டை நம்பி ஆடி அமாவாசை அன்று ஆறு லிட்டர் எண்ணெயும் ஒரு அன்னக்கூடை வெங்காயமும் பாழாய்ப் போயின. பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். திண்டிவனம் மேம்பாலத்தடியில் ஊரே பார்க்க மானம் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்களுடையது டீக்கடை. அப்பா காலத்திலிருந்து வடைச்சட்டிதான். சென்னைக்கும் திருச்சிக்கும் காரில் போகிற பிள்ளைகள் "ஆனியன் ரிங்ஸ் இருக்கா" என்று கேட்பார்கள். வெங்காய பஜ்ஜி இருக்கிறது என்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மெஷின் வாங்கினேன். "பெல்லாரியை வட்டமா அரிஞ்சா ரிங்ஸ், இதுக்கு எதுக்கு மெஷினு" என்று வீட்டில் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, அடுப்படியில் நிற்பது நான்தானே. கேஸ் அடுப்பில் தீயைக் கூட்டிக் குறைத்தபடி ஒரு ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மெஷினில் 180 என்று வைத்தால் 180. வாங்கியது சரிதான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்குச் சென்னையிலிருந்து வருகிற பஸ்கள் திண்டிவனம் வந்துதான் செஞ்சிப் பக்கம் திரும்பும். அமாவாசை என்றால் எங்களுக்கு அறுவடை. அதிலும் ஆடி அமாவாசை. அன்றைக்குப் பார்த்து கார்ன்ஃப்ளவரும் பேப்பர் தட்டும் தீர்ந்துபோய், விழுப்புரம் மொத்தக் கடைக்குப் போனேன். திரும்பும்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நகரவில்லை. கடையில் மச்சினன் இருந்தான். போன் வந்தது. "மாமா, லைட் அணைஞ்சிடுச்சு, கூடை நிறையப் போட்டுட்டேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டியின் விளிம்பு வரை நுரை பொங்கி நின்றது. கூடையைத் தூக்கினால் வெங்காய வளையங்கள் வழுவழுவென்று மொட்டையாகக் கிடந்தன. மாவு பூராவும் கம்பி வலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி மாவு உருகி அடியில் காயிலுக்குக் கீழே வெள்ளைக் கஞ்சியாகப் படிந்திருந்தது. மஞ்சள் புடவை கட்டி மலையனூர் போகிற அம்மா ஒருத்தர் தட்டைத் திருப்பி நீட்டினார். "என்ன தம்பி, வெங்காயம் தனியா சட்டை தனியா நிக்குது?" பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா பரவாயில்லை என்றார். கூட வந்தவர் வாங்கிக்கொண்டார்.

டயலைப் பார்த்தேன். 150ல் இருந்தது. நடந்தது இதுதான். 180ல் வைத்து ரொம்ப நேரம் ஆகியும் லைட் அணையவில்லை, கூட்டம் நச்சரித்தது, மச்சினன் டயலைக் கீழே திருப்பினான். திருப்பினால் லைட் அணையாமல் என்ன செய்யும்? 150ஐத் தொட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு அணைந்தது. காலையில் 150ல் வைத்துவிட்டுப் போனது நான்தான் என்று அவன் இன்றைக்கும் சாதிக்கிறான். அக்காவும் தம்பி கட்சி.

லைட் ஏன் அணையவில்லை என்பதுதான் விஷயம். ஆறு லிட்டர் எண்ணெய் சுமார் ஐந்தரைக் கிலோ. அதை 30 டிகிரியிலிருந்து 180க்குக் கொண்டுபோக 2,500 வாட்ஸ் காயிலுக்குக் கணக்குப்படி பதினோரு நிமிடம் வேண்டும். அந்தக் கணக்கு 230 வோல்ட் வந்தால்தான். ஆடி மாதப் புழுக்கத்தில் ஊரெல்லாம் ஏசி ஓடுகிற நேரத்தில் என் கடை பிளக்கில் 180 வோல்ட்தான் வந்தது. வோல்டேஜ் குறைந்தால் சூடு அதே அளவில் குறையாது, வர்க்கமாகக் குறையும். 180 வோல்டில் அந்த காயில் சுமார் 1,530 வாட்ஸ்தான் தரும். பதினோரு நிமிடம் பதினெட்டாகிவிடும். மூடி திறந்திருந்தால், ஃபேன் காற்று அடித்தால் இன்னும் இழுக்கும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்தவன் நான், இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விற்றவருக்குப் போன் போட்டேன். "வோல்டேஜ் பிரச்சினைக்கு நாங்க பொறுப்பில்ல சார்" என்றார். அப்படியென்றால் வோல்டேஜ் ஒரு பிரச்சினை என்று அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. பில் போடும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை?

அடுத்தது வெங்காயத்தில் இருக்கிற தண்ணீர். வெங்காயத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் அது ஆவியாகிச் சடசடவென்று வெளியே வரும். அந்த வேகம்தான் எண்ணெயை மாவுக்குள் விடாமல் தடுக்கிறது. 150ல் இருக்கிற எண்ணெயில் கூடை நிறையப் போட்டால் சூடு பொத்தென்று இறங்கும், 1,530 வாட்ஸால் அதைத் தூக்க முடியாது. மாவு இறுகுவதற்குள் வெங்காயம் தண்ணீர் விட்டு, மாவு வழுக்கி, எண்ணெய் குடித்து, எல்லாம் போச்சு. வடைச்சட்டியில் இது நடக்காதா என்று கேட்பீர்கள். அங்கே கேஸைக் கூட்டினால் உடனே தீ ஏறும். மெஷினில் அந்த வசதி இல்லை. அதனால் முன்கூட்டியே காய வைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இப்போது நான் செய்வது இப்படி. லைட் முதல் தடவை அணைந்தால் கண்டுகொள்வதில்லை. சூட்டைப் பார்க்கிற கம்பி ஒரே ஓரத்தில் இருக்கிறது, தொட்டி முழுக்க ஒரே சூடு பரவியிருக்காது. நீளக் கரண்டியால் ஒரு தடவை கிளறிவிட்டால் லைட் மறுபடி எரியும். எரிந்து அணைந்து, மறுபடி எரிந்து அணையட்டும். பிறகு ஒரு சொட்டு மாவு. அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் காயவில்லை. பாதி ஆழம் போய்ச் சட்டென்று மேலே வந்தால் பதம். மேலேயே நின்று கணத்தில் சிவந்தால் அதிகம். எங்கள் ஆயா வடைச்சட்டியில் பார்த்த அதே பரிசோதனைதான். ஒரு தெர்மாமீட்டர் கம்பியும் வாங்கி வைத்திருக்கிறேன், மச்சினனுக்காக.

ஒரு கூடைக்குக் கால் கிலோவுக்கு மேல் போடுவதில்லை. மாவு கரைக்க ஜில் சோடா. வளையத்தைத் துணியில் ஒற்றி, மைதாவில் புரட்டி, மாவில் முக்கி, விடவேண்டியதுதான். மூடி போட்டுக் காய வைத்தால் மூடியின் உள்பக்கம் ஈரம் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும், சொட்டினால் தெறிக்கும். பிளக் 16 ஆம்பியர். தொட்டியில் எண்ணெய் இல்லாமல் சுவிட்ச் போடக்கூடாது. இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததே.

வெளிநாட்டுக் குறிப்புகளில் 375 டிகிரி என்று இருக்கும். அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 190. இதைத் தெரிந்துகொள்ளாமல் டயலைக் கடைசி வரை முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். யார் என்று சொல்லப்போவதில்லை.

எண்ணெய் விஷயத்தில் எனக்கும் எங்கள் பெரியப்பாவுக்கும் ஒத்துவராது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற ஊர் இது. இங்கே எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கடலை ரகங்களுக்கே திண்டிவனத்தைச் சுருக்கி டி.எம்.வி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு ரீஃபைண்ட் ஆயிலா என்று அவர் கோபப்படுவார். செக்கு எண்ணெயின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது சுமார் 160 டிகிரியைத் தாண்டினாலே புகைய ஆரம்பித்துவிடும். ரிங்ஸுக்கு 180 வேண்டும். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் 230 வரை தாங்கும். மெஷினில் அதுதான், செக்கு எண்ணெய் வீட்டுத் தாளிப்புக்கு. பாமாயில் ஊற்றுகிறவர்கள், மார்கழிக் காலையில் அது கட்டிதட்டி இருந்தால் முதலில் குறைந்த சூட்டில் இளக விட்டுப் பிறகு ஏற்றுங்கள், காயிலைச் சுற்றிக் கருகாது.

கூட்டம் வரும் என்று மூன்று மணிக்கே 180ல் போட்டு வைப்பதும் வேண்டாம். சும்மா கொதிக்கிற எண்ணெயும் கெட்டுப்போகிற எண்ணெய்தான். 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எண்ணெய் கெடக் கெட அதில் கூடுகிற போலார் காம்பவுண்ட் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நான் 130ல் நிறுத்தி வைப்பேன். மேம்பாலம் பக்கம் பஸ் ஒதுங்குவது தெரிந்தால் 180க்குத் திருப்புவேன். ஆட்கள் இறங்கி, கை கழுவி, டீ சொல்வதற்குள் எண்ணெய் தயார்.

அந்த வேலையை மச்சினனிடம் விடுவதில்லை. அவனும் இப்போது விழுப்புரத்தில் தனிக்கடை போடப்போகிறான், அதே மெஷின் வேண்டுமாம். ஆறு லிட்டருக்கு 2,500 வாட்ஸ் போதாது, மூன்று கிலோவாட்டுக்குக் குறையாமல் பார், கூடவே ஸ்டெபிலைசர் வாங்கு, அது இழுக்கிற கரண்டைத் தாங்குகிறதா என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். கேட்பானா தெரியாது. டயலில் 180க்கு நேராக நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுத்தான் கொடுப்பேன்.