மூன்று சுழி திறந்திருக்க வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. '0.5 போட்ட பேனாதான் மெலிசாக எழுதும்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினாய். உன் நோட்டில் எழுதினால் கோடு தடித்துப் பரவுகிறது. பேனா போலியோ என்று கேட்டிருக்கிறாய். பேனா போலியில்லை. அந்த எண்ணைப் பற்றிய நினைப்புதான் தவறு. படித்தவர்களும் இதையே சொல்லித் திரிவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

0.5 என்பது முனையில் உருளும் குண்டின் விட்டம். கோட்டின் அகலம் வேறு கணக்கு. பைலட் வி5 பேனாவின் குண்டு 0.5 மி.மீ.; நல்ல தாளில் அது இழுக்கும் கோடு 0.3 மி.மீ. அளவில்தான் இருக்கும். அந்த 'நல்ல தாளில்' என்ற சொல்லைக் கடைக்காரர் சொல்வதில்லை. பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை. குண்டு உருட்டித் தேய்த்த இடத்திலேயே நிற்கும். உன் பேனாவில் இருக்கும் லிக்விட் இங்க் பெரும்பாலும் தண்ணீர். முனை தொட்ட கணமே தாள் அதை இழுத்துக்கொள்ளத் தொடங்கும். எவ்வளவு இழுக்கும் என்பதைத் தாள் செய்யும்போது சேர்க்கும் பசைப்பொருள் தீர்மானிக்கிறது. நோட்டு அட்டையில் போட்டிருக்கும் ஜிஎஸ்எம் வெறும் எடை. ஒரே ஜிஎஸ்எம் கொண்ட இரண்டு நோட்டுகளில் ஒன்றில் கோடு கூர்மையாக நிற்கும், இன்னொன்றில் வேர்விட்டுப் பரவும்.

இனி நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. பேனா வாங்குகிறவர்கள் கடையில் என்ன எழுதிப் பார்க்கிறார்கள்? ஒரு கையெழுத்து, நாலு வளையம், ஏதோ ஓர் ஆங்கிலச் சொல். நீ தினமும் எழுதப்போவது தமிழ். தமிழைத் தமிழால்தான் சோதிக்க வேண்டும். மூன்று சுழி 'ண'வை எடுத்துக்கொள். கோடு போட்ட நோட்டில் உன் எழுத்தின் உயரம் 3 மி.மீ. என்றால், ஒரு சுழியின் வெளியகலம் 1 மி.மீ.தான் தேறும். கோடு 0.3 ஆக இருந்தால் இரண்டு பக்கக் கோடும் போக உள்ளே 0.4 மி.மீ. வெள்ளை மிஞ்சும். மை பரவி கோடு 0.5 ஆனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சுழி அடைபட்டுவிட்டது. அப்புறம் மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று படிக்கிறவன் ஊகிக்க வேண்டும். பிறர் கைப்படியைப் பார்த்துப் பதிப்பிக்கிறவனுக்கு அந்த ஊகம் ஒரு நாள் வேலையைத் தின்றுவிடும். 'மனம்', 'மணம்' இரண்டும் பொருந்துகிற செய்யுள் அடிகள் எத்தனை இருக்கின்றன என்று உனக்கே தெரியும்.

புள்ளி இன்னும் மோசம். கோடு இழுக்கும்போது முனை ஓடுகிறது. புள்ளி வைக்கும்போது நிற்கிறது. நிற்கிற இடத்தில் மை ஊறும். ஓலையில் எழுதியவர்கள் ஏடு பொத்துக் கிழியும் என்று புள்ளியைப் பெரும்பாலும் வைக்காமலே விட்டார்கள். எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் நோக்கிப் படிக்க வேண்டியிருந்தது. காலுக்கும் ரகரத்துக்கும்கூட வேறுபாடு இராது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் அத்தகைய ஏடுகளோடுதான் மல்லாடினார்கள். புள்ளி வைக்கத் தடையில்லாத தாள் நம் கையில் இருக்கிறது. அதில் புள்ளியை எழுத்தோடு ஒட்டிப்போகும் கறையாக வைப்பது சோம்பேறித்தனம், தம்பி. இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

ஆகவே கடைக்கு உன் நோட்டை எடுத்துக்கொண்டு போ. 'மஞ்ஞை, கண்ணீர், எண்ணூற்றுப் பத்து' என்று வகுப்பில் குறிப்பெடுக்கும் வேகத்தில் எழுது; அழகாக எழுதாதே. பிறகு யோசிப்பதுபோல் முனையைத் தாளிலேயே இரண்டு மூன்று விநாடி வைத்திரு. கறை எவ்வளவு விரிகிறது என்று பார். பக்கத்தைத் திருப்பிப் பின்புறமும் பார். பேனாவைச் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் உனக்கு உண்டு; வி5 போன்ற ஊசிமுனைப் பேனா நிமிர்த்திப் பிடித்தால்தான் ஓடும், சாய்த்தால் முனையின் உலோக விளிம்பு தாளைக் கீறும்.

கசிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். வி5இன் முனைக்கு மேலே அடுக்கடுக்காகத் தகடுகள் தெரியும். அலங்காரம் என்று நினைத்துவிடாதே. மைக்கூட்டில் இருக்கும் காற்று சூட்டிலோ விமானத்திலோ விரிந்து மையைத் தள்ளும்போது, அந்த இடுக்குகள் உபரி மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மை குறையக் குறையக் காற்று கூடும். அதனால் பாதி தீர்ந்த பேனாதான் அதிகம் கசியும். சித்திரை வெயிலில் சட்டைப்பையில் முனை மேல்நோக்கி இருக்கட்டும்.

நீ ஆய்வுக்குக் குறிப்பெடுக்கிறாய் என்பதால் இன்னொன்று. சாயம் கரைத்த மை ஒரு சொட்டுத் தண்ணீரில் ஓடிவிடும். யூனிபால் ஐ போன்றவற்றில் நிறமித்துகள் கலந்த மை. காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. ஆவணங்களுக்கு எழுதும் இவ்வகைப் பேனாக்களுக்கென்றே ஐஎஸ்ஓ 14145-2 என்ற தர அளவு இருக்கிறது. கார்பன் தாள் வைத்து நகல் எடுக்க அழுத்தி எழுத வேண்டும். அதற்குப் பழைய பால்பாயின்ட்டே போதும்.

இப்போது வாங்கிய பேனாவைத் தூக்கிப் போடாதே. அதே பேனாவால் வேறு இரண்டு நோட்டுகளில் 'ண' எழுதிப் பார். சுழி திறந்து நிற்கிற நோட்டின் அட்டையைக் குறித்துக்கொண்டு, அடுத்த பருவத்துக்கு அதையே வாங்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்