கச்சேரிப் பதிவைக் கேட்டு மிக்ஸிங்கை எடைபோடலாமா?

கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டதும் "மிக்ஸிங் மோசம்" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். அது மிக்ஸர் லைனில் எடுத்ததா, அரங்கத்தில் மைக் வைத்து எடுத்ததா என்று முதலில் பாருங்கள்.

சின்ன சபாவில் மிருதங்கம் மைக் இல்லாமலே கணீரென்று கேட்கும். அதனால் ஆபரேட்டர் அதன் ஃபேடரை இறக்கி, குரலை ஏற்றி வைப்பார். அரங்கத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதே லைனைப் பதிவு செய்தால் மிருதங்கம் பக்கத்து வீட்டில் வாசிப்பது மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்த மைக் செட் அண்ணனுக்கு இப்படி ஒரு பதிவைக் கேட்டுத்தான் அடுத்த கச்சேரி கொடுக்கவில்லை. அவர் மிக்ஸ் செய்தது அரங்கத்துக்கு, பதிவுக்கு இல்லையே!

தலைகீழாகவும் நடக்கும். 2023 செப்டம்பர் 10 அன்று நம்ம தாம்பரத்துக்குக் கிழக்கே பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி நடந்தது. பின்னால் நின்றவர்கள் பாட்டே சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். லைன் பதிவில் அந்தக் குறை தெரியவே தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கைதட்டலைக் கேளுங்கள். மெல்லிசாக, எங்கோ தூரத்தில் கேட்டால் பெரும்பாலும் லைன் பதிவு. கைதட்டும்போது தம்புரா அமுங்கி, ஓய்ந்ததும் மெல்ல எழும்பினால் ரிக்கார்டரின் ஆட்டோமேட்டிக் கெயின் விளையாடுகிறது. அதை வைத்து மிக்ஸிங்கை எடைபோடவே கூடாது. பிறகு தனி ஆவர்த்தனம். தொப்பியின் கும்கி கேட்கிறதா? செல்போன் ஸ்பீக்கரில் வராது, ஹெட்போன் போடுங்கள்.

நாமே பதிவு செய்தால் லைனையும் அரங்க மைக்கையும் தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பதே நல்லது. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். மேடை ஸ்பீக்கரிலிருந்து மைக் 17 மீட்டர் தள்ளி இருந்தால், லைன் பதிவை 0.05 நொடி பின்தள்ளிச் சேர்க்கணும்.