‘அங்கே போனால் ஊருக்கே தெரிந்துவிடும்!’

சாமிக்கு மாலை போட்டால் 48 நாள் குடியைத் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழைய கதை. கோயில் கயிறு, பிள்ளை தலையில் அடித்த சத்தியம் என்று எல்லாம் பார்த்துச் சலித்த வீட்டில், “ஏ.ஏ. மீட்டிங்னு ஒண்ணு இருக்காம்” என்று யாராவது சொன்னால், போகாமலிருக்கப் பத்துக் காரணம் வரும். பெரும்பாலும் காதுவழி வந்த கதைகள்தான்.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

நம்பிக்கை: போனால் ஊருக்கே தெரிந்துவிடும்.

உண்மை: அனானிமஸ் என்றாலே பெயர் வெளியிடாதவர் என்றுதான் பொருள். வேலை, சாதி, முகவரி எதையும் சொல்ல வேண்டியதில்லை; கூப்பிட ஒரு பெயர் போதும். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே பேசக்கூடாது என்பது மரபு. உள்ளே இருப்பவர் எல்லாருக்கும் அதே கவலை உண்டு என்பதால் அதைக் காப்பதில் அக்கறையும் உண்டு. தவிர, டாஸ்மாக் வாசலில் நின்றபோது ஊர் கண்ணை மூடிக்கொண்டா இருந்தது?

நம்பிக்கை: அது மதக் கூட்டம், மதம் மாற்றுவார்கள்.

உண்மை: இந்தச் சந்தேகம் வரக் காரணம் இருக்கிறது. சில குழுக்கள் தேவாலய வளாகங்களில் கூடுகின்றன. ஏ.ஏ.வின் 12 படிகளில் கடவுள் என்ற சொல்லும் வருகிறது. ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் விருப்பம். கடவுளை ஏற்காதவர்களில் பலர் குழுவையே தம்மைத் தாங்கும் சக்தியாகக் கொள்கிறார்கள். எந்த மதத்தோடும் கட்சியோடும் ஏ.ஏ.வுக்குத் தொடர்பில்லை.

நம்பிக்கை: பணம் பிடுங்குவார்கள்.

உண்மை: கட்டணம் கிடையாது. வாடகைக்கும் டீச் செலவுக்கும் உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

நம்பிக்கை: முதல் நாளே எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மை: பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. வீட்டில் கேட்டுப் புளித்த அறிவுரை அங்கே இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் தன் கதையைச் சொல்லச் சொல்ல, ‘இது நம்ம கதையாச்சே’ என்று தோன்றும். கூட்டத்தின் பலமே அதுதான்.

ஏ.ஏ. பிறந்ததும் அப்படித்தான். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், 1935 மே மாதம் தொழில் விஷயமாக ஆக்ரன் போனார். காரியம் கைகூடவில்லை. ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றபோது பக்கத்து பாரின் சத்தம் இழுத்தது. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்பிக்கலாம் என்று தொலைபேசியில் தேடி, டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரைக் கண்டுபிடித்தார். கால் மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். பில் உபதேசம் செய்யவில்லை. தன் கதையைச் சொன்னார்.

நம்பிக்கை: மறுபடி குடித்துவிட்டால் அங்கே முகம் காட்ட முடியாது.

உண்மை: அந்தச் சந்திப்புக்குப் பிறகும் டாக்டர் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்தார். திரும்பி வந்து கடைசியாகக் குடித்தது ஜூன் 10 என்பார்கள். அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. சறுக்கியவரை விரட்டியிருந்தால் அமைப்பே இருந்திருக்காது. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம்.

நம்பிக்கை: கூட்டம் இருக்கும்போது டாக்டர் எதற்கு?

உண்மை: இது ஆபத்தான எண்ணம். தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, பிறகு மனக்குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். கூட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்க’ விற்கும் மருந்தை நம்பாதீர்கள். குடியை வெறுக்க வைக்கும் டைசல்பிராம் போன்ற மாத்திரையை அறியாமல் விழுங்கியவர் அதன் மேல் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும்.

நம்பிக்கை: பேசிப் பேசியே குடி நிற்குமா?

உண்மை: எல்லாருக்கும் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் 27 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மருத்துவ ஆய்வமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, குடிக்காமல் தொடர்வதில் ஏ.ஏ.வும் அதை ஒட்டிய சிகிச்சைகளும் பிற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, சிலவற்றில் மேல் என்று கண்டது.

நம்பிக்கை: அவர் வரமாட்டேன் என்கிறார், எங்களுக்கு வழியில்லை.

உண்மை: குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் 1951-இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கியது. குடிப்பவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

கூட்டம் எங்கே என்று தெரியவில்லையா? அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலும் கேட்கலாம். முதல் குழு ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்றைப் பாருங்கள்.

கால் மணி நேரம் தலைகாட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினாலும் சரி. டாக்டர் பாபும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் போனார்.