காட்டர் பின் காணோம்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: திண்டுக்கல் அருகே ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். தினமும் பைக்கில்தான் போய் வருகிறேன். பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று, வண்டி வாங்கிய ஷோரூமின் சர்வீஸ் சென்டரிலேயே விட்டேன். பிரேக் ஷூ மாற்றி, ஜெனரல் சர்வீஸும் செய்து கொடுத்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் வேகத்தடைக்கு முன் பிரேக்கை மிதித்ததும் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி சறுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஒரு மாதத்துக்கு மேல் சம்பளமில்லாத விடுப்பு. எங்கள் தெரு மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, "டார்க் ராட் கழன்று தொங்குது சார், போல்ட்டையும் காணோம், காட்டர் பின் போட்ட அடையாளமே இல்லை" என்றார். சர்வீஸ் சென்டரில் கேட்டால், "நாங்கள் பின் போட்டுத்தான் அனுப்பினோம், ரோட்டில் எங்காவது விழுந்திருக்கும். இடையில் பஞ்சர் வேறு ஒட்டியிருக்கிறீர்கள்" என்கிறார்கள். பில்லின் பின்பக்கம், 'டெலிவரிக்குப் பிறகு நிறுவனம் பொறுப்பல்ல' என்று அச்சிட்டிருப்பதையும் காட்டுகிறார்கள். கடைசியில், உதிரி பாகங்களை இலவசமாக மாட்டித் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். ஐந்தாறு ரூபாய் சாமானுக்கு வழக்கா என்று வீட்டிலும் கேட்கிறார்கள். வழக்குப் போட முடியுமா? அதுவரை வண்டியை அப்படியே வைத்திருக்க வேண்டுமா?

வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் கை நன்றாகக் குணமாகட்டும். வழக்குப் போட முடியும். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், பழைய பின் இருந்த இடத்தில் புதிய பின்னை இன்றே மாட்டிவிடவும் வேண்டாம். உங்கள் வழக்கின் உயிர் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

காட்டர் பின்னின் விலை இங்கே கணக்கே இல்லை. அது செய்யும் வேலையைப் பாருங்கள். டிரம் பிரேக்கில் பிரேக் ஷூக்கள் ஒரு பிளேட்டில் பொருத்தப்பட்டிருக்கும். நீங்கள் பிரேக்கை மிதித்ததும் ஷூக்கள் விரிந்து, சுழலும் டிரம்மைப் பிடிக்கும். அப்போது டிரம் அந்தப் பிளேட்டையும் தன்னோடு சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். பிளேட்டைச் சுழலவிடாமல் வண்டியின் சட்டத்தோடு இழுத்துப் பிடித்திருப்பது டார்க் ராட். அந்த ராட்டின் போல்ட்டில் நட்டை முடுக்கிய பிறகு, போல்ட் நுனியில் உள்ள துளை வழியாகக் காட்டர் பின்னைச் செருகி, அதன் இரண்டு கால்களையும் விரித்து மடக்கிவிடுவார்கள். அதிர்வில் நட்டு தளர்ந்தாலும் கழன்று விழாமல் இருப்பது அந்தப் பின்னால்தான். பின் இல்லையென்றால் நட்டு மெல்ல மெல்லக் கழலும், போல்ட் நழுவும், ராட் தொங்கும். அதற்குப் பிறகு பிரேக்கை மிதித்தால் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பி, பிரேக் ராடையும் இழுத்துக்கொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான். விழுந்த விதமே காரணத்தோடு பொருந்துகிறது என்பது வழக்கில் உங்களுக்குப் பெரிய பலம்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி, பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலையில் தரமோ முறையோ குறைந்தால், கவனக்குறைவால் ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தாலும், அது சேவைக் குறைபாடுதான். அதே சட்டத்தின் 85-வது பிரிவு, ஒரு பொருளுக்குச் சேவை செய்தவரின் குறைபாடான வேலையால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. பிரேக் ஷூ மாற்றப் பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்ற டார்க் ராட்டையும் விடுவிக்க வேண்டும். ஆகவே அந்த நட்டைக் கழற்றி மாட்டியது அவர்கள் கைதான். பில்லில் 'பிரேக் ஷூ, பின்பக்கம்' என்ற ஒரு வரி இருந்தால், அதுவே உங்கள் முதல் சாட்சி.

ஆனால் குறைபாட்டை நிரூபிக்கும் சுமை புகார் கொடுப்பவருடையது. எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதிப்படுத்தியிருக்கிறது. "பின் இல்லை" என்று வாயால் சொன்னால் போதாது. சர்வீஸ் சென்டர் பஞ்சர் கதையைக் கையில் எடுத்திருப்பதும் இதனால்தான். அந்தச் சக்கரத்தைக் கடைசியாகக் கழற்றியது யார்? வழக்கு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும்.

இங்கே நீங்கள் எனக்கு எழுதாத ஒரு விவரம் தேவை. உங்கள் பின் டயர் டியூப் உள்ளதா, டியூப்லெஸ்ஸா? டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றாமலே, ஆணியைப் பிடுங்கி, அதே துளையில் ரப்பர் திரியைச் செருகிக் காற்றடித்து அனுப்பியிருப்பார். டார்க் ராட் பக்கமே அவர் கை போயிருக்காது. அந்தத் திரியின் நுனி டயரில் இன்னும் இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தத் தொகையும் தேதியும் இருக்கும். சக்கரத்தைக் கழற்றவில்லை என்று அவரிடம் ஒரு பிரமாண வாக்குமூலம் வாங்கிவிட்டால், எதிர்த்தரப்பின் முக்கிய வாதம் அதோடு விழுந்துவிடும். டியூப் டயராக இருந்து, அவர் சக்கரத்தைக் கழற்றியிருந்தால், வழக்கு உண்மையிலேயே சிக்கலாகிவிடும். அப்படியானால் நோட்டீஸ் அனுப்பும் முன், உங்கள் வழக்கறிஞரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிவந்தால் மற்றபடி நீங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வண்டியை எவ்வளவு நாள் அப்படியே வைத்திருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆதாரத்தைப் பதிவு செய்யும் வரை மட்டும். பகல் வெளிச்சத்தில், நம்பர் பிளேட்டும் பின் சக்கரமும் ஒரே படத்தில் தெரியும்படி முதலில் எடுங்கள். பிறகு தொங்கும் ராட், போல்ட் போன துளை, பிளேட் திரும்பிய இடத்தில் உலோகம் உரசிய கீறல், சாலையில் தேய்ந்த பக்கம் என்று நெருக்கமாக எடுங்கள். கீறல் முக்கியம், பிளேட் நகர்ந்ததற்கு அதுதான் தடயம். படங்களை அசல் போனிலேயே அழிக்காமல் வையுங்கள். உங்கள் தெரு மெக்கானிக்கைப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். முடிந்தால், வாகனத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற ஒரு சர்வேயரை வைத்து ஒரு அறிக்கை வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவையும் புகாரில் கேட்கலாம்.

அது முடிந்ததும் புதிய போல்ட், நட்டு, காட்டர் பின் மூன்றையும் வண்டிக்கு உரிய அளவில் வாங்கிப் போடுங்கள், பில் வாங்குங்கள். கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டு "இது போதும் சார்" என்பவர்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள். கம்பி அதிர்வில் தேய்ந்து அறுந்துவிடும். ஒருமுறை கால் விரித்த பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதும் ஆபத்துதான். மடக்கிய இடத்தில் அது பலவீனமாகிவிடும். சட்டத்திலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடியதாக இருந்தும், வண்டியை ஓட்டுபவருக்கு 1,500 ரூபாய் அபராதம் என்கிறது. அதனால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்த அன்று, சர்வீஸ் முடித்து எடுத்த வண்டியை நம்பி ஓட்டினீர்கள். அது உங்கள் தவறல்ல. இன்று பழுது உங்களுக்குத் தெரியும். இனி ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.

பில்லின் பின்பக்க வாசகத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். ஹோட்டலில் காரை நிறுத்தக் கொடுக்கும்போது தரும் சீட்டில் 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று அச்சிட்டுவிட்டதால், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. அது திருட்டுப்போன கார் பற்றிய வழக்கு. ஆனால் வண்டியை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம், அவர் ஒரு வரியை அச்சிட்டுத் தன் கவனக்குறைவைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்ற நிலை உங்களுக்கும் அதேதான். அந்தத் தீர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தயாரிப்பு நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். உங்கள் வழக்கில் தேவையில்லை என்பது என் கருத்து. டாடா மோட்டார்ஸ் - அந்தோனியோ பவுலோ வாஸ் வழக்கில் (2021), டீலரின் தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வண்டியில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. பெரிய நிறுவனத்தை இழுத்துவிட்டால் வாய்தாக்கள்தான் கூடும்.

புகாரைத் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுக்கலாம். சர்வீஸ் சென்டர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரும் உரிமையை 2019 சட்டம் தந்திருக்கிறது. சேவைக்கு நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. இழப்பீடாக எவ்வளவு கேட்டாலும் கட்டணம் அந்தச் சர்வீஸ் பில்லை வைத்துத்தான். சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 15 நாள் அவகாசம் தந்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் ஜாப் கார்டின் நகலைக் கேளுங்கள். சக்கரத்தைக் கழற்றியவர் யார், டெலிவரிக்கு முன் ஓட்டிப் பார்த்தவர் யார் என்பது அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால், அதைத் தாக்கல் செய்ய உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

என்ன கேட்கலாம்? மருத்துவச் செலவு, விடுப்பில் போன சம்பளம் (ஆலையிலிருந்து சான்று வாங்குங்கள்), வண்டிப் பழுதுச் செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு. மருத்துவமனைக் குறிப்பில் 'வண்டி சறுக்கி விழுந்தார்' என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். புகாரிலும் அதே வரலாற்றைச் சொல்லுங்கள். பத்து லட்சம், இருபது லட்சம் என்று எழுதாதீர்கள். ரசீதோடு நிற்கும் தொகையை ஆணையம் எளிதில் ஏற்கும். மிகைத்த தொகை உண்மையான இழப்பின் மீதும் சந்தேகத்தை விழவைக்கும்.

கடைசியாக அந்தத் தாள். இலவசமாக உதிரி பாகம் தருவதில் தவறில்லை. ஆனால் 'இத்துடன் எனக்கு வேறு கோரிக்கை இல்லை' என்று ஒரு வரி அதில் இருந்தால், உடைந்த கைக்கான இழப்பீட்டையும் நீங்களே விட்டுக்கொடுத்ததாக வாதிடுவார்கள். அவர்கள் தரும் பாகங்கள் வேண்டாம். பின்னை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். படங்களை நாளைக்கே எடுங்கள், நோட்டீஸை இந்த வாரமே அனுப்புங்கள்.