கழுவக் கொடுத்த கால்

பெரிய வியாழனுக்கு முந்தின இரவு, குளியலறையில் உட்கார்ந்து பீர்க்கங்காய் நாரால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மாலைத் திருப்பலியில் பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. பித்தவெடிப்பு யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுதான் அப்போது என் கவலையெல்லாம்.

அதுவரை எங்கள் பங்கில் ஆண்களைத்தான் உட்காரவைப்பார்கள். வழிபாட்டு விதியும் அப்படித்தான் இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ், பொறுப்புக்கு வந்த இரண்டே வாரத்தில், 2013 பெரிய வியாழனன்று உரோமையில் சிறார் சிறைக்குப் போய் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் இரண்டு பெண்களும் உண்டு. 2016 ஜனவரியில் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியே மாறியது. பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளர் நான் என்பதால், அந்த ஆண்டு என் பெயரையே எழுதிக் கொடுத்தேன்.

பக்கத்து நாற்காலியில் இன்னோர் அன்பியத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா. மீன் விற்பவர். சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். கணுக்காலில் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஃபாதர் குனிந்ததும் காலை இயல்பாக நீட்டினார். தண்ணீர் விழுந்தது, ஃபாதர் துண்டால் துடைத்தார், முத்தமிட்டார். அடுத்து நான். அவ்வளவு தேய்த்துக் கழுவிய கால்தான். ஆனாலும் அவர் கை பட்டதும் விரல்கள் தாமாக உள்ளே மடங்கிக்கொண்டன. இயேசு கால் கழுவ வந்தபோது பேதுரு ஏன் முதலில் மறுத்தார் என்பது அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. ஒருவர் முன்னால் காலை நீட்டினால், அந்தக் காலில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஞானோபதேச வகுப்பில் அகங்காரத்துக்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். கோயில் பெருக்குவது, திருவிழாவில் பந்தி பரிமாறுவது, யாராவது பாராட்டினால் ‘எல்லாம் ஆண்டவர் செயல்’ என்பது, இவைதான் தாழ்ச்சி என்று நினைத்து வளர்ந்தவள் நான். இவை நல்லவை, இன்றும் செய்கிறேன். ஆனால் கொடுக்கிற கையாகவே இருக்கும்வரை நம் அகங்காரத்துக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. வாங்கிக்கொள்ளும் இடத்தில் உட்காரும்போதுதான் அது வலிக்கிறது.

அந்த மே மாதம் எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு அந்தப் பெரியம்மாவும் வந்திருந்தார். முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “டீச்சர், நீங்க செபம் சொல்ல ஆரம்பிச்சா மத்தவங்க வாயே திறக்க முடியல.” எனக்கு முகம் சிவந்துவிட்டது. பதில்கள் வரிசையாக வந்தன. நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள், இவருக்கு என்ன தெரியும்... எப்படியோ வாயை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். “ஆமாம்மா, கால் மணி நேரம் சொல்றீங்க” என்றாள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். யார் குறை சொன்னாலும் “யோசிக்கிறேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அன்றைக்கே பதில் கிடையாது. மறுநாள், எனக்காகப் பரிந்து பேசாத ஒருவரிடம் அது உண்மையா என்று கேட்பேன். பாதிக்கு மேல் உண்மையாகத்தான் இருக்கிறது. அன்பியத்தில் மன்றாட்டை எல்லோரும் சொல்லி முடித்த பிறகே சொல்கிறேன், அதுவும் ஒரே வாக்கியம். முதல் சில வாரம் நீண்ட மௌனம்தான். பிறகு, கூட்டத்தில் ஒருநாளும் பேசாத ஒரு மருமகள் தன் கணவரின் குடியைச் சொல்லி மன்றாடினாள். அத்தனை வருடம் என் செபம் அவள் வாயை அடைத்திருந்ததை நினைத்து அழுதுவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தையும் மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் ‘மாமியார் இப்படிப் பேசினார், அதனால் கோபப்பட்டேன்’ என்று என் பாவத்தோடு அவர் பாவத்தையும் சேர்த்தே சொல்லிவந்தேன். இப்போது ‘கோபப்பட்டேன்’ என்பதோடு சரி. வீட்டில் மன்னிப்புக் கேட்கும்போதும் ‘ஆனால்’ சேர்ப்பதில்லை. சொல்லிப் பாருங்கள், அந்த ஒரு சொல்லை விழுங்குவது எவ்வளவு பாடு என்று தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிபட்டு வரும் பெண்ணிடம் ‘தாழ்ச்சியாகப் பொறுத்துக்கொள்’ என்று சொல்வது பாவம். சாதி பார்த்து ஒதுக்குகிறவர்களை எதிர்த்து நிற்பவரை ‘தாழ்ச்சி இல்லாதவர்’ என்பதும் அப்படியே. அன்று துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தவர் ஆண்டவரும் போதகருமான இயேசு. மிதிபடுகிறவரை இன்னும் குனியச் சொல்ல அவர் பெயரைப் பயன்படுத்தக் கூடாது.

போன வருடம் படியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் வெளியூரில். சாப்பாட்டை எப்படியோ சமாளித்தேன், தலை பின்ன முடியவில்லை. தகவல் தெரிந்து அந்தப் பெரியம்மா மறுநாள் காலையில் வாசலில் நின்றார். “வேண்டாம் பெரியம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றேன். வாய் மரியாதையாகப் பேசியது. சிக்குப் பிடித்த தலையை அவரிடம் காட்ட மனசு கூசியது. கால்விரல்கள் மடங்கிய அதே கூச்சம். கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

முக்காலியில் உட்காரவைத்து, எண்ணெய் தொட்டு, சிக்கை நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். கையில் சோப்பு வாசனையையும் தாண்டி லேசாக மீன் வாசம்.

“தலைய ஆட்டாதீங்க டீச்சர்” என்றார்.

ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.