எத்தனை மணிக்குக் கழற்றினீங்க?

அன்புள்ள தம்பி,

ஸ்லீப் லேபில் சேர்ந்துவிட்டாய். இனி தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோயாளிகளுக்கு, மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் மெஷினைப் பொருத்தி, பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது உன் பொறுப்பு. ஒரு மாதம் கழித்து நோயாளி வருவார். மெஷினின் மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தால் ராத்திரிக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடியிருக்கும். "ஏன் சார் ஒழுங்காப் போடலை?" என்று வாயில் வரும். அதைக் கேட்காதே. "எத்தனை மணிக்குக் கழற்றினீங்க?" என்று கேள். கோளாறு எங்கே என்பது அந்த மணியிலேயே தெரிந்துவிடும்.

படுத்த பத்து நிமிடத்தில் கழற்றினால் அது பயம். ரேம்ப் போட்டுக் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பிக்க வை. பகலில் டிவி பார்த்தபடி அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொல். நடுராத்திரி நாக்கு வறண்டு கழற்றினால், வாய்வழியே காற்று போகிறது. மூக்கடைப்பு இருக்கிறதா பார், ஹ்யூமிடிஃபையரைக் கூட்டு, அதற்கும் அடங்காவிட்டால் வாயையும் மூடும் மாஸ்க் கொடு. ஹ்யூமிடிஃபையர் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும், டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடு. பாத்ரூம் போக எழுந்தவர் திரும்ப மாட்டவில்லையா? மாஸ்க்கைக் கழற்றாமல் டியூபை மட்டும் பிரித்துவிட்டுப் போகலாம் என்று அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

விடியற்காலை மூன்று மணிக்குக் கழற்றுகிறவர் "நாலு மணி நேரம் போட்டாச்சே" என்பார். ராத்திரிக்கு 4 மணி நேரம், 70 சதவீத இரவுகள் என்பது அமெரிக்க மெடிகேர் காப்பீடு கேட்கும் கணக்கு. நோய் அதற்குக் கட்டுப்படாது. கனவு வரும் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். அப்போது தொண்டைத் தசை இன்னும் தளரும். பலருக்கு மூச்சு நிற்பதும் நீளும். சரியாக அந்த நேரத்தில் மாஸ்க் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. குறைந்த நேரம் போடுவது போதுமா என்பதற்கு ஒரு ஆய்வைப் பார். 2016-ல் வெளியான சேவ் என்ற அந்த ஆய்வில் இந்தியா உள்பட 7 நாடுகளின் இதய, பக்கவாத நோயாளிகள் 2,700 பேருக்கு மேல் இருந்தார்கள். சிபாப் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. சிபாப் பெற்றவர்கள் மெஷினைப் போட்டது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். பயன்பாடு போதாததும் காரணமாக இருக்கலாம் என்று நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் பகல் தூக்கம் குறைந்தது.

மாஸ்க்கை உட்கார வைத்து அளவெடுக்காதே. படுக்க வை, காற்றை ஓடவிடு, பக்கவாட்டில் திரும்பச் சொல். படுத்தால் கன்னம் சரியும், அளவு மாறும். அடர்ந்த மீசை, மூக்குத்தி, முகத்து எண்ணெய் மூன்றும் காற்றைக் கசிய விடும். கசிகிறது என்று பட்டையை இறுக்கினால் மாஸ்க்கின் சிலிகோன் விளிம்பு மடங்கி இன்னும் கசியும், மூக்குத்தண்டு புண்ணாகும். பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி மறுபடி உட்கார வை. பெரும்பாலும் அதுவே போதும்.

சிபாப் சிகிச்சையை 1981-ல் உலகுக்குச் சொன்னவர் சிட்னியின் காலின் சல்லிவன். ஆரம்ப நாட்களில் நோயாளிகள் மாஸ்க்கைச் சிலிகோன் பசையால் முகத்தில் ஒட்டிக்கொண்டு, இரைகிற மோட்டார் பக்கத்தில் படுத்தார்கள். காலையில் தெளிந்த தலையோடு எழுந்ததால்தான் அதையும் சகித்தார்கள். உன் நோயாளிக்கும் அப்படி ஒரு காலை சீக்கிரம் வாய்க்க வேண்டும். வாய்த்துவிட்டால் நீ வற்புறுத்த வேண்டியிருக்காது.

அதனால் முதல் வாரம் முக்கியம். போடும் பழக்கமும் கழற்றும் பழக்கமும் அப்போதே படிந்துவிடும். மறுநாள் காலை போன் பண்ணு. மூன்றாம் நாளும் பண்ணு. பொருத்தும்போது வீட்டுக்காரம்மாவையும் உட்கார வை. மூச்சு நின்றுபோவதைக் கண்ணால் பார்ப்பவர் அவர்தான்.

'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று ஃபைலில் எழுதுவதற்கு முன் மாஸ்க் அளவு, கசிவு, பிரஷர், மூக்கு, கழற்றிய நேரம் ஐந்தையும் பார். ஐந்தையும் சரிசெய்த பிறகு, அந்த வாக்கியம் எழுத வேண்டிய ஃபைல் மிகச் சிலதான் மிஞ்சும். அந்த நோயாளிகளையும் விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப்போ. அவர்களுக்கு ஏற்ற வேறு சிகிச்சையை டாக்டர் பார்ப்பார்.

அன்புடன்,
உன் சீனியர்