சவரக்கத்தியும் தீட்டுகல்லும்

பிக்கு ஒருவர் தமக்கென வைத்துக்கொள்ளும் பொருள்கள் எட்டு என்பதை அன்பர்கள் அறிவார்கள். மூன்று சீவரங்கள், பிச்சைப் பாத்திரம், ஊசி, அரைக்கச்சை, நீர்வடிகட்டி ஆகியவற்றோடு சவரக்கத்தியும் அவற்றுள் ஒன்று. விநயபிடகத்தின் சுல்லவக்கம் கத்தியை மட்டும் அனுமதித்து அமையவில்லை. தீட்டுகல்லையும் கத்தியின் உறையையும் உடன் அனுமதிக்கின்றது. தீட்டாத கத்தியால் பயனில்லை என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

அந்த விநயத்தை இராசகிருகத்தில் கூடிய முதற்சங்கத்தில் எடுத்துரைத்தவர் உபாலி தேரர். அவர் சாக்கியர்களின் நாவிதராக இருந்தவர். அனுருத்தர், ஆனந்தர் முதலிய சாக்கிய இளைஞர்கள் துறவு பூண வந்தபோது, தம் குலச்செருக்கு ஒழியும்பொருட்டு உபாலிக்கே முதலில் துறவளிக்குமாறு பகவானை வேண்டினர். முன்னே துறந்தவரைப் பின்னே துறந்தவர் வணங்கவேண்டும் அல்லவா?

நம் நாட்டில் பிற்காலத்தே நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. பாபாசாகேப் அம்பேத்கர் சதாராவில் சிறுவராயிருந்தபோது எந்த நாவிதரும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முடிதிருத்த இசையவில்லை. கூலி கொடுக்க வகையில்லாமல் அன்று, தீண்டாமையே காரணம். தமக்கையாரே அவ்வேலையைச் செய்தார் என்று பாபாசாகேப் எழுதியிருக்கிறார். ஆதலின் வீட்டிலே ஒரு கத்தியும் அதைத் தீட்டத் தெரிந்த கையும் இருப்பது நம்மவர்க்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

பாட்டனார் காலத்து மடக்குக்கத்தி ஏதேனும் பரணில் கிடக்குமாயின் எடுத்துப் பாருங்கள். ஷெபீல்டு, சோலிங்கன் என்னும் ஊர்ப்பெயர் பொறித்திருந்தால் மகிழலாம். இரண்டும் சவரக்கத்திக்குப் பெயர்பெற்ற ஊர்கள். அலகில் விரிசல் கண்டால் அதை விட்டுவிடுக. மேலாகப் படிந்த துருவை எண்ணெய் தொட்ட மிக நைசான உப்புத்தாளால் நீளவாட்டில் தேய்த்து நீக்கலாம். தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்கவேண்டாம். அரிவாள்மணைக்கு அவர் சக்கரம் ஏற்றதே. சவரக்கத்தியின் மெல்லிய அலகோ அதில் சூடேறி நீலம் பாய்ந்து பதம் இழந்துவிடும்.

தீட்டுவதற்கு 1000, 4000, 8000 எண்ணுள்ள மூன்று கற்கள் போதும். கல் மேடுபள்ளமின்றி இருத்தல் வேண்டும். நீர் தெளித்து, கத்தியின் முதுகும் முனையும் ஒருங்கே கல்லில் படியுமாறு வைக்கவும். முதுகின் பருமனே சாய்வை நிறுத்தித் தருவதால் நாம் கோணம் பார்க்கவேண்டுவதில்லை; முதுகைத் தூக்காதிருந்தால் சரி. முனை முன்செல்லத் தள்ளி, கல்லின் எல்லையில் முதுகின்மேலேயே புரட்டி, மறுபுறத்தை அவ்வாறே இழுக்கவேண்டும். அழுத்தலாகாது. முனை அடிமுதல் நுனிவரை முன்கை மயிரை நீக்கும்வரை முதற்கல்லை விட்டு நகரவேண்டாம். பொறுமையிழந்து அடுத்த கல்லுக்குத் தாவுவோரே மிகுதி. அக்கத்தி பின்னர் எத்தனை நாள் தேய்த்தாலும் கன்னத்தைப் பிராண்டும்.

கல்லுக்குப் பின் தோல்வார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து சென்ற தோல் பதனிடுவோர் குடியேறிய தாராவியில் தோற்பொருள் பட்டறைகள் இன்றும் உள்ளன. மழமழப்பான வார் ஒன்று பெறுவது அரிதன்று. இங்கே முறை தலைகீழ்: முதுகு முன்செல்ல, முனை பின்தொடரவேண்டும். மறந்தால் வார் அறுபடும். வாரை இறுக்கிப் பிடித்து 50 முறை இழுத்தால் போதும்.

சவரம் முடிந்ததும் ஈரம் துடைத்து ஒரு துளி எண்ணெய் பூசி வைக்கவும். ஒருவர் கத்தியை மற்றொருவர் தொடலாகாது. குருதிவழிப் பரவும் மஞ்சட்காமாலை சிறு கீறலிலும் தொற்றும்.